வீம்பில்லாத இரும்பு

வளையல்களைக் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுவிட்டுத்தான் கலைமதி தட்டின் பக்கம் கை நீட்டுவாள். தட்டில் இருப்பவையும் வளையங்கள்தாம். ரிப்பன் போல மெலிந்த நிக்கல் கலந்த இரும்புத் தகட்டைச் சுற்றிச் செய்தவை. ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தூக்கி, பிளாஸ்டிக் கூட்டுக்குள் கிரீஸ் தடவி உட்காரவைத்து மூடியை அழுத்துவாள். அதுவரை பக்கத்தில் யாரும் மேஜையைத் தட்டக்கூடாது. "இங்க என்ன கல்யாணமா நடக்குது, மேளம் தட்டுறீங்க?" என்பாள்.

ஸ்ரீரங்கம் மேலூரிலிருந்து பஸ் மாறி அரியமங்கலத்துப் பட்டறைக்கு வருகிறாள். என் ஓரகத்தியின் தம்பி மருதையின் மகள். மருதை பெண் எடுத்தது பச்சைமலையில். இவளுக்கு அந்த அம்மாளின் நடை. சமதரையிலும் ஏற்றம் ஏறுகிற மாதிரிதான் நடப்பாள்.

அந்த வளையம் கடைசியில் போய்ச் சேருவது, வீட்டுச் சுவரில் ஷாக் தடுக்கிற சுவிட்சுக்குள். ஈரக்கையோடு யாராவது தொட்டால், கசிகிற துளி மின்சாரத்தை அது உணர்ந்து கரண்டை அறுக்க வேண்டும். உறையூரில் இவள் அத்தை மகன் ரஞ்சித் கிரைண்டரில் கை வைத்தபோது சுவிட்ச் பட்டென்று விழுந்தது. "அதான் இன்னும் மாவரைச்சிக்கிட்டுத் திரியுறான்" என்பாள் கலைமதி.

கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்புமாம். இரும்புக்குள் இருக்கிற பொடிக் காந்தங்களும் கூடவே திரும்ப வேண்டும். சாதா இரும்பு லேசில் திரும்பாது. அந்த இழுபறியிலேயே கொஞ்சம் சக்தி சூடாகி வீணாகும். துளிக் கசிவு அதிலேயே தொலைந்துபோகும்.

"இது வீம்பில்லாத இரும்பு அத்தை. நிக்கல் சரியான அளவுல சேந்தா, இந்தப் பக்கந்தான் நிப்பேன்னு அடம் பிடிக்காது. காந்தம் ஏறினா நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. ஹைட்ரஜன் உலையில வேகவச்சு அழுக்கையும் எடுத்துடுவாங்க. தடுக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லாததால சொன்னதும் திரும்பிடும். கீழ போட்டீங்கன்னா உள்ள நெளிஞ்சிடும். நெளிஞ்ச இடத்துல அந்தப் பொடிக் காந்தமெல்லாம் மாட்டிக்கும், சுவிட்ச் விழாது."

போன மாதம் நான் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்த அன்று, சுமை ஏற்றுகிற பிரவீன்ராஜ் தள்ளுவண்டியை மேஜையில் இடித்துவிட்டான். தட்டு சரிந்து பாதி வளையம் தரையில் கொட்டியது. பதறிப்போனவன் பொறுக்கி, விழாதவற்றோடேயே சேர்த்துப் போட்டுவிட்டான்.

முதலாளி ஸ்டீபன்ராஜ் வந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல. கூட்டுல போடு கலை. வாசல்ல வண்டி நிக்குது."

"கெட்டது கண்ணுக்குத் தெரியாதுண்ணே. அளந்து பாக்க இங்க மீட்டரும் இல்ல. உலைக்கே அனுப்புங்க, மறுபடி வேகவச்சா சரியாயிடும்."

"உலை பெங்களூர்ல இருக்கு. போயிட்டு வர்றதுக்குள்ள ஆர்டர் கைய விட்டுப் போயிடும்மா. வாங்குறவங்க ஒண்ணு ரெண்டைத்தான் எடுத்துச் சோதிப்பாங்க."

"மத்தது யார் வீட்டுச் சுவத்துக்குண்ணே போகும்?"

பிரவீன்ராஜ் தலை நிமிரவில்லை. முதலாளி சிரிக்கப் பார்த்தார். "இரும்புக்கு இல்லாத வீம்பு மொத்தமும் உன்கிட்டதான் இருக்கு. பாதி விழவே இல்லையே. எது விழுந்துச்சு, எது விழலன்னு யாருக்குத் தெரியும்?"

கலைமதி தட்டை இரண்டு கையாலும் இடுப்புயரம் தூக்கி, சிமெண்டுத் தரையில் அப்படியே கவிழ்த்தாள்.