கடற்பசு பார்க்கப் போன கார்

எங்கள் ஆட்களில் ஒருத்தரும் முதல் தடவை கேட்டவுடன் ஓம், சரி என்று சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், இப்போதுதான் குடித்தேன் என்போம். இன்னொரு தடவை கேட்டால், உங்களுக்கு ஏன் வீண் சிரமம் என்போம். மூன்றாம் தடவைதான் கோப்பைக்குக் கை நீளும். முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவளைக் காணாததைக் கண்டவள் என்பார்கள். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள்.

என் சிநேகிதிக்கு இது தெரியாததல்ல. மொன்றியல் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையலறையில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் நெடுங்காலம் நின்றவர்கள். இடைவேளையில் அவள் பிளாஸ்க்கைத் திறப்பாள்.

"அக்கா, தேத்தண்ணி?"

"வேண்டாம் பிள்ளை."

"கொஞ்சம் ஊத்தட்டே?"

"இல்லை, நீர் குடியும்."

"சும்மா நடிக்காதேங்கோ, பிடியுங்கோ!" என்று கோப்பையைக் கையில் திணித்துவிடுவாள்.

அவள் என்னைவிட இளையவள். வாய்க்காரி, கார் ஓடுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் எனக்குச் சொல் வராது. அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கும் சேர்த்து அவளே கதைத்துவிடுவாள்.

கடற்பசு கதை வந்ததும் அந்த மேசையில்தான். புளோரிடாவில் மாரி காலத்தில் அவை குளிருக்குப் பயந்து வெதுவெதுப்பான ஊற்றுகளுக்குள் கூட்டமாக வந்து கிடக்குமாம்.

"எங்களை மாதிரிக் குளிர் தாங்காத சாதி அக்கா," என்றாள். "பென்சன் எடுத்தாப் பிறகு நானும் நீங்களுமாப் போய்ப் பாப்பம்."

கடற்பசு தன் குட்டியை அணைத்துப் பால் கொடுக்கும் என்று சிறுவயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்தில், பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

இருவரும் பென்சன் எடுத்தாயிற்று; போன மாரிக்கு அது நடக்கப்போகிறது என்று நினைத்தேன். புளோரிடாவில் ஒரு காம்ப்கிரவுண்டில் அவள் ட்ரெய்லர் வண்டிவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். மொன்றியலுக்குக் கிட்ட லொங்குய்யில் இருக்கும் இளைப்பாறிய பள்ளிக்கூட ரீச்சர் ஒருவரும், கர்க்லாண்டில் மகளோடு இருக்கும் அவருடைய தங்கையும் சேர்ந்துகொண்டார்கள். நால்வரும் அவளுடைய காரில் போனோம். அங்கே பக்கத்து ட்ரெய்லர்களில் எல்லாம் கியூபெக் பென்சன்காரர்கள். வாசலுக்கு வந்தால் 'பொன்ஜூர்'. மொன்றியலைக் கொண்டுபோய் வெயிலில் காயப்போட்டதுபோல் இருந்தது.

முதல் நாள் விடியவே குளித்துவிட்டுப் புதுச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"அக்கா, கடற்கரைக்குப் போறம். வாறியளோ?"

"இல்லைப் பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ."

"சரி அக்கா," என்றாள். கார்க் கதவு சாத்தப்பட்டது. சப்பாத்தோடு வாசலில் நின்றேன்.

பின்னேரம் அவர்கள் களைத்து வந்தபோது சோறும் மீன்குழம்பும் சொதியும் தயாராக இருந்தன. "கடையில திண்டதெல்லாம் ஒரு சாப்பாடே? இதெல்லோ சாப்பாடு!" என்றார் ரீச்சர். "அக்கா நிண்டால் பிறகென்ன, எங்களுக்கு அரச வாழ்க்கை!" என்றார் தங்கை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. ஒரு தடவை கேட்பாள், நான் வேண்டாம் என்பேன், கார் போய்விடும். எங்கே போகிறீர்கள் என்று நானாகக் கேட்டதில்லை; வெளிக்கிட்டு நிற்கிறவர்களை அப்படிக் கேட்டால் போகிற காரியம் சரிவராது. திரும்பி வந்து போனில் படம் காட்டுவார்கள். தோட்டம், பாலம், முதலை. நான் கறிக் கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பேன்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், "நாளைக்குக் கடற்பசு," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் படுக்கையில் கிடந்து ஒரு முடிவெடுத்தேன். வெட்கம் போனால் போகட்டும். நாளைக்கு முதல் தடவை கேட்டவுடனேயே ஓம் என்று சொல்லிவிடுவேன்.

மறுநாள் அவள் கேட்கவேயில்லை. நான் கட்டிவைத்த ரொட்டிப் பார்சலை எடுத்துக்கொண்டு, "போட்டு வாறம் அக்கா," என்றாள். நால்வராக வந்த காரில் என் இடத்தில் பக்கத்து ட்ரெய்லர் கியூபெக் கிழவி ஏறினாள். ஐந்து பேர் இருக்கக்கூடிய கார் அது. வாய்வரை வந்த ஓம் அங்கேயே கிடந்தது.

பின்னேரம் அந்தக் கிழவி எங்கள் வாசலுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கால் நோவு எப்படி இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள். வேலைத்தலத்தில் பொறுக்கிய பிரெஞ்சு எனக்கு அந்தளவுக்கு விளங்கும். நடக்க முடியாத உங்களைத் தனியே விட்டுப் போனது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது என்றாள்.

என் காலுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காலில் நின்றுதான் இவ்வளவு காலமும் தட்டு அடுக்கினேன், அன்றைக்கும் சமைத்தேன்.

சிநேகிதி உள்ளே இருந்து கேட்டுவிட்டாள். "அக்காவுக்கு உதெல்லாம் விருப்பமில்லைத்தானே," என்று சிரித்தாள். "உந்தக் கிழவிக்கு விளக்கம் சொல்ல ஆரால ஏலும்? கால் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

ரீச்சரும் தங்கையும் சிரித்தார்கள். கோப்பையைத் திணிக்கிறவளுக்கா என் 'வேண்டாம்' என்பதன் அர்த்தம் தெரியாது? நானும் சேர்ந்து சிரித்துவிட்டுச் சோற்றைப் போட்டேன். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் நெஞ்சை எரிக்கிறது.

இங்கே மொன்றியலில் மறுபடி பனி தொடங்கிவிட்டது. முந்தாநாள் அவள் போன் எடுத்தாள்.

"அக்கா, ட்ரெய்லர் எடுத்தாச்சு. வாறியள்தானே?"

"இல்லைப் பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ."

"ஏன் அக்கா, குளிருக்குள்ள தனியக் கிடந்து என்ன செய்யப்போறியள்?"

"வேண்டாம்."

"சும்மா நடிக்காதேங்கோ! ரீச்சர் உங்கட மீன்குழம்பை நினைச்சு அழாக்குறை. உடுப்பை அடுக்குங்கோ!"

மூன்று தடவை கேட்டுவிட்டாள். ஒன்றையும் மறக்கவில்லை அவள்.

"எனக்குக் கால் ஏலாது," என்றேன்.

போனை வைத்தேன். வீட்டில் பால் முடிந்திருந்தது. பனிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கிட்ட இருக்கும் கடையைத் தாண்டி, மெட்ரோ வாசல் கடைவரை நடந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தேன்.