பவுனம்மாளுக்கு வந்த கோடி

பாகூர் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு மதியச் சோறு ஆக்கி, வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. அதன் சமையல்காரி பவுனம்மாள். புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கு வந்தவளைத் தம்பி சாமிநாதன் திரும்பிப் போகச் சொன்னான். அவள் போகவில்லை, தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு கரண்டி பிடிக்கப் போனாள். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பமாயிற்றே, விடுவார்களா? "கண்டவனுக்கு சோறு வடிக்கிறவ எனக்கு அக்காவே இல்ல" என்று தெருவில் நின்று சொன்னான். அன்றோடு போக்குவரத்து அறுந்தது.

அவளுக்கு மட்டும் ஆசை அறவில்லை. பொங்கல் வந்தால் தம்பி வரிசைத் தட்டோடு வருவான் என்று வாசலைப் பார்ப்பாள். அவன் வந்தால் உட்காரட்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி, தூசு படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். முட்டிவலி உயிரை எடுத்தாலும் அதில் அவள் உட்கார்ந்ததில்லை. பைத்தியக்காரத்தனம்தான். கூடப்பிறந்த பாசத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இந்த வருஷம் மாநிலம் முழுக்கத் தொண்டு அமைப்புகளுக்காக ஒரே நாளில் ஆன்லைனில் நன்கொடை திரட்டினார்கள். கொடை நாள் என்று பெயர். அறக்கட்டளையில் சிலிண்டர் வாங்கவே வழியில்லாத நேரம். ஆபீஸ் வேலை பார்க்கும் இர்பானா, பவுனம்மாளை அடுப்படியில் நிறுத்திப் படம் எடுத்தாள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"பல்லக் காட்டினாத்தான் காசு போடுவாங்களாடி?"

சுவரெல்லாம் கரி. படம் எடுப்பாக இல்லையென்று இர்பானா அதைக் கறுப்பு வெள்ளையாக்கி ஏற்றினாள். கொடை நாள் இணையதளமோ எல்லோர் படத்துக்கும் சுற்றிலும் ஒரு பூச்சரமும், கீழே ஒரு விளக்கும் தானாகவே வைத்தது. அழகாகத்தான் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படமும் பூச்சரமும் விளக்கும் சேர்ந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

காலையிலிருந்தே பணம் வந்தது. இர்பானாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் பணத்தோடு வந்த செய்திகளைப் படித்தாள். எல்லாம் ஆழ்ந்த இரங்கல், ஆன்மா சாந்தியடையட்டும்.

"ஐயோ பவுனம்மா, நீங்க போயிட்டதா நெனச்சிட்டாங்க!"

பவுனம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நெனச்சிட்டுப் போறாங்க. அடுப்பு எரிஞ்சா சரி" என்றாள்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் இரண்டு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவன் சாமிநாதன். முகம் அழுது வீங்கியிருந்தது. பவுனம்மாளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தம்பி வந்துவிட்டான். ஓடிப்போய் நாற்காலியின் துணியை உருவினாள்.

"வாடா தம்பி, ஒக்காரு!"

அவன் அசையவில்லை. அப்போதுதான் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு ரோஜா மாலை. ஒரு புதுப்புடவை. செத்த பெண்ணின் மேல் பிறந்த வீட்டார் போர்த்துகிற கோடி.

"நீ... உசுரோட கீறியா?"

"கீறேன்டா. போன்ல அந்தப் படத்தப் பாத்தியா?"

பின்னால் சொந்தக்காரர்கள் ஆட்டோவை விட்டு இறங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாமிநாதனின் முகம் மாறிவிட்டது. "ஊரே சிரிக்குது. உன்னால எப்பவும் எனக்கு மானக்கேடுதான்" என்று திரும்பினான்.

"வந்தது வந்துட்ட. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போடா."

நின்றான். தண்ணீருக்காக அல்ல. கோடியாக எடுத்த புடவையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான். அது அவளுக்கும் புரிந்தது.

"அத்த இங்கியே வச்சிட்டுப் போ தம்பி. இன்னொரு வாட்டி உனக்கு எதுக்கு அலைச்சல்?"

அவன் புடவையை நாற்காலியில் வைத்தான். மாலையையும் அதன்மேல் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

பவுனம்மாள் தரையில் உட்கார்ந்து, புடவையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். அவளுக்காக அழுதுகொண்டு வந்த ஒரே ஆள் போய்விட்டான். இனி அவள்தான் அழ வேண்டும்.