வீ என்றால் யார் யார்?

கனடாவின் சஸ்காட்டூனுக்கு வந்த புதிதில் குளிருக்கு என்னிடம் கோட்டு இருந்தது. ‘வீ’ என்கிற ஓரெழுத்துச் சொல்லைச் சமாளிக்கத்தான் எதுவும் இல்லை. விதைப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பக்கத்து மேசைக்காரர் லிண்டா, ஐம்பதைத் தாண்டியவர், தினமும் மதியம் கோட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, “வீ ஆர் கோயிங் ஃபார் லஞ்ச்” என்பார். சாப்பிடப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகிறார்களே, எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். “என்ஜாய்” என்று சொல்லிவிட்டுத் தயிர்சாத டப்பாவைத் திறப்பேன். லிண்டா சற்று நின்று பார்ப்பார், பிறகு போய்விடுவார். அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படியே கழிந்தது.

நான் பிறந்தது பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம். அங்கே ‘நாம சாப்பிடலாம் வாங்க’ என்றால்தான் நமக்கும் சேர்த்து இலை விழும். ‘நாங்க சாப்பிடப் போறோம்’ என்றால், நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். ஒரு கல்யாணத்தில் என் சித்தப்பா, “நாங்க சாப்பிட்டுட்டு வந்துடறோம்” என்று சம்பந்தியிடம் வாய்தவறிச் சொல்லிவிட, அவர்கள் வெகுநாள் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. பள்ளியில் ஆங்கில வாத்தியார் ‘வீ’க்கு நேராக ‘நாங்கள், நாம்’ என்று இரண்டையும்தான் எழுதிப்போட்டார். நான் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது.

பனி உருகத் தொடங்கிய சமயம், லிண்டாவே தயங்கித் தயங்கிக் கேட்டார், எங்களையெல்லாம் உனக்குப் பிடிக்கவில்லையா என்று. பதறிப்போய் நாம, நாங்க இரண்டையும் விளக்கினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் மதியம், “நாமா ஆர் கோயிங் ஃபார் லஞ்ச்” என்று வந்து நின்றார். அது அலுவலகம் முழுக்கப் பரவி, இப்போது எங்கள் மேலாளர்கூட, “நாமா மஸ்ட் ஃபினிஷ் திஸ் டுடே” என்கிறார். அப்போது மட்டும் ‘நாங்க’வே மேல் என்று தோன்றும்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. இந்தத் தை மாதம் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். அப்பாவுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவில் ஒரு மேட்டு வயல் இருக்கிறது, அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

“மேட்டு வயல்ல இனிமே நெல்லு வேணாம்மா. தண்ணி வந்து சேர்றதுக்குள்ள பட்டம் போயிடுது. அறுப்பு முடிஞ்சதும் நாங்க தென்னம்பிள்ளை வைக்கப் போறோம்.”

நெல் போவதைவிட அந்த ‘நாங்க’தான் சுருக்கென்று தைத்தது.

“நாங்கன்னா யாருண்ணே? அதுல நான் இல்லையா?”

“போன வாரம் நான் கூப்பிட்டப்ப நீ என்னம்மா சொன்னே? ‘நாங்க பனி தள்ளிக்கிட்டு இருக்கோம், அப்புறம் பேசறேன்’னே. அதுல நான் இருந்தேனா?” என்றார்.

குரலில் கோபமில்லை, சிரிப்புதான் இருந்தது. அந்த ‘நாங்க’வில் என் கணவர் இருந்தார், மகள் இருந்தாள், மண்வெட்டி கொடுத்து உதவிய எதிர்வீட்டுக்காரர்கூட இருந்தார். அண்ணன் இல்லை.

“சரி, விடு. நாம நெட்டை வைப்பமா, குட்டை வைப்பமா? விதையைப் பத்திப் படிச்சவ நீதானே, சொல்லு.”

நெட்டை என்றேன். காற்றுக்கு விழுந்துவிடும் என்று அவர் பயந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் பாதிப் பாதி என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை, வார இறுதியில் என்ன விசேஷம் என்று லிண்டா விசாரித்தார்.

“வீ ஆர் பிளான்ட்டிங் கோகனட்ஸ்” என்றேன், தடுமாறாமல்.

லிண்டா ஜன்னலுக்கு வெளியே முழங்காலளவு கிடந்த பனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “வேர்?” என்றார்.

எங்கே என்று அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். என் காதில் அது தமிழாக விழுந்தது.