நாலு கார்டும் ஒரு மீசையும்

நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் இந்த ஊரில் என் கை படாத தரை கிடையாது. டைல் ஒட்டுவதில் என்னை மிஞ்ச இனி ஒருவன் பிறந்து வர வேண்டும். அதே கைதான் அறுபது வயதுக்கு மேல் பியானோவும் வாசித்தது.

பியானோ டீச்சர் வீட்டுத் தரையில் மண்டிபோட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து அறையில் யாரோ ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

"டீச்சரம்மா, இது நாலு டைல் டிசைன்தானே? நாலு முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து!"

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க" என்றார்.

மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு கார்ட். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நாலு கார்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தால் போதும், மெட்டு தானாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை! பாட்டை முடிப்பதைப் பற்றி டீச்சரம்மா வாயெடுத்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று கிளம்பிவிட்டேன். பழைய பியானோ ஒன்றை வாங்கி வீட்டில் போட்டுப் பழகினேன். மகளின் கல்யாண விருந்தில் என் சொந்தப் பாட்டு என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

என் மனைவியின் தம்பி பஸ் டிரைவர். மீசைக்கென்றே தனிச் சீப்பு வைத்திருப்பவன்.

"மாமா, சிமென்ட் குழைக்கிற கையா பியானோ வாசிக்கும்? பாட்டை ஒழுங்கா முடிச்சுக் காட்டுங்க, என் மீசையை எடுத்துடறேன். இல்லேன்னா உங்க மீசை!"

"கத்தியைத் தீட்டி வை மச்சான்" என்றேன்.

விருந்தில் ஆரம்பித்தேன். 'கதவைச் சாத்தாதே மகளே, காத்தும் நானும் வெளியே...' மாப்பிள்ளை மகளோடு ஆடினார். சம்பந்தியம்மா செருப்பை உதறிவிட்டு இறங்கினார். மச்சானுக்கும் கால் நிற்கவில்லை. நாலு கார்டும் சுழல, கூட்டமே பம்பரமாய்ச் சுழன்றது.

வரிகள் தீர்ந்துபோயின. தரை என்றால் சுவர் வந்ததும் டைலை வெட்டி முடித்துவிடுவேன். பாட்டில் சுவரைக் காணோம்! எஃப்பில் நிறுத்திப் பார்த்தேன். எல்லோரும் தூக்கிய காலோடு என்னையே பார்த்தார்கள். மறுபடி சுற்றினேன். மறுபடி ஆடினார்கள்.

"முடிக்கத் தெரியலை! மாமா மீசை போச்சு!" என்று மூச்சிரைக்க ஆடியபடியே மச்சான் கத்தினான்.

மாதக்கணக்காக என் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தவள் என் மனைவி. கூட்டத்துக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தாள்: "என்னங்க, முதல் டைலுக்கே வந்து நில்லுங்க!"

சி! பத்து விரலாலும் அமுக்கினேன். மொத்தக் கூட்டமும் தொப்பென்று நாற்காலிகளில் விழுந்தது. பிறகு எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அது எந்த மேதைக்கும் கிடைத்திருக்காது.

"அக்கா சொல்லிக் கொடுத்தா செல்லாது!"

"செல்லும்டா. சோப்பை எடு" என்றாள் என் மனைவி.

மறுநாள் பஸ்ஸில் அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். வழியெல்லாம் என் பாட்டைத்தான் விசிலடித்தானாம். கடைசி நிறுத்தம் வந்து பயணிகள் இறங்கிப் போன பிறகும் விசிலை நிறுத்தத் தெரியாமல் உட்கார்ந்திருந்தானாம்.