நகம் மாட்டிய ராடு

இது நடந்தது. எனக்கு நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு பகலில் நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள், ஒரு வியாழக்கிழமை மதியம் 1.40க்கு எங்கள் பட்டறைக்கு வந்து நின்று பாருங்கள். நானே டீ வாங்கித் தருகிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரே வேலைதான். மோதி வளைந்த பைக்குகளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றி, அதன் ராடைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பெண்டு எடுத்து, ஆயில் சீல் மாற்றிக் கொடுப்போம். அப்பா ஆரம்பித்த கடை. அவருக்கு முழங்கால் போனதும் பிரஸ்ஸில் யாரை உட்கார வைத்தார் தெரியுமா? பெற்ற பிள்ளை என்னை இல்லை. அக்கா வீட்டுக்காரரை. என் மச்சானை.

எனக்குச் சீல் மாற்றும் வேலை. பழைய ஆயில் வடிக்கும் வேலை.

வாசலில் எவன் வந்தாலும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பான். "அவர் இல்லையா?" என்பான். நான் என்ன, ஸ்டாண்டில் மாட்டிய சட்டையா? அம்மாகூட சாப்பாட்டில் பெரிய துண்டை அவர் தட்டில்தான் வைப்பாள். வயிறு எரியும். ஒரே ஒரு ஆளாவது என்னைக் கேட்டு வர வேண்டும். அது போதும் என்று இருந்தேன்.

மச்சானிடம் ஒரு சட்டம் உண்டு. ராடு வில்லாக வளைந்திருந்தால் நிமிர்த்துவார். மடிந்திருந்தால் தொடமாட்டார். கட்டைவிரல் நகத்தை ராடின் மேல் ஓட்டிப் பார்ப்பார். எங்காவது நகம் மாட்டினால் அங்கே விரிசல், முடிந்தது கதை. "நகம் மாட்டுச்சுன்னா குப்பை," என்பார். வேலை முடித்த ராடின் மேல் முனையில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி குத்துவார். அது அவர் கையெழுத்து.

அந்த வியாழனுக்கு மூன்று வாரம் முன்னால், பார்சல் கொண்டுபோகிற பையன் ஒருவன் வந்தான். பச்சை ஜாக்கெட். சாலை நடுச்சுவரில் மோதிய ஃபோர்க். மச்சான் நகத்தை ஓட்டினார். மாட்டியது.

"வேணாம்பா. புதுசு போட்டுக்க."

"புதுசு வர பத்து நாளாகும்ணா. அதுவரைக்கும் வேலைக்கு எப்படிப் போறது?"

மச்சான் கையை விரித்துவிட்டார். அவன் முகம் செத்துப்போயிற்று. நான் தெருமுனை வரை ஓடிப்போய் அவனைப் பிடித்தேன்.

"அவரால முடியாது. என்னால முடியும். நாளைக்கு வா."

மறுநாள் மச்சான் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில் பெண்டு எடுத்தேன். வளைவை அளக்கும் டயல் கேஜில் முள் அசையவில்லை. அவ்வளவு நேர். ஆனால் நகம் லேசாக மாட்டியது... உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மாட்டாத வரைக்கும் தேய்த்தேன். மேலே ஒன்றல்ல, இரண்டு புள்ளி குத்தினேன்.

"இனிமே உங்களைத்தான் கேட்டு வருவேன்ணா," என்றான். மூன்று வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த வியாழன். காலை 11.30க்கு மச்சானுக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பெரிய மனுஷர், நம்மிடம் சொல்வாரா என்று கறுவிக்கொண்டே சாப்பிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.

1.40.

டொக்... டொக்...

ஷட்டருக்குக் கீழே இரண்டு ஷூ தெரிந்தது. ஒன்று மட்டும் ஈரம். வண்டி வந்த சத்தம் கேட்கவில்லை.

"மச்சான் வெளிய போயிருக்காருங்க," என்றேன், பழக்கதோஷத்தில்.

"உங்களைத்தான் பார்க்கணும்."

சொன்னால் வெட்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை கழுவக்கூட இல்லை. "வாங்க, வாங்க!" என்றேன்.

பச்சை ஜாக்கெட். தலையில் ஹெல்மெட், கண்ணாடி இறக்கியபடி. கையில் ஒரு ராடு. அதை மேஜைமேல் வைத்தான். இரும்பு மேஜை, இரும்பு ராடு... சத்தமே வரவில்லை. சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

மேல் முனையில் இரண்டு புள்ளி.

"வண்டி எங்கப்பா?"

"அங்கேயே இருக்கு."

டயல் கேஜுக்கு அடியில் தாங்கிகளில் வைத்து உருட்டினேன். முள் நாலுக்குப் போயிற்று. பிரஸ்ஸை அழுத்தினேன். முள் பூஜ்யத்துக்கு வந்தது. சரி என்று மறுபடி உருட்டினேன்.

நாலு.

அழுத்தினேன். பூஜ்யம். உருட்டினேன்.

நாலு.

முதுகில் வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நகத்தை வெச்சுப் பாருங்க," என்றான். குரல் மிக அருகில் கேட்டது.

வைத்தேன். ஓட்டினேன்.

மாட்டியது.

இழுத்தேன்... வரவில்லை.

உள்ளேயிருந்து எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப மாட்டுதா?"

கத்திக்கொண்டே பிடுங்கினேன். படக்.

பாதி நகம் போய்விட்டது. ரத்தம். திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஷட்டர் பாதியில் அப்படியே இருந்தது. அவன் எப்படி வந்தான்? குனிந்து வரவில்லையே... நானும் தூக்கிவிடவில்லையே...

தாங்கிகளில் ராடு இல்லை. டயல் கேஜ் மட்டும் இருந்தது. எதையும் தொடாமல், அதன் முள் நாலில் நடுங்கிக்கொண்டிருந்தது.

1.51.

மச்சான் 3.10க்கு வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"அந்தப் பார்சல் பையன், மாப்ள. பாலத்து இறக்கத்துல ராடு ரெண்டா ஒடிஞ்சிருக்கு. பையில நம்ம கடை கார்டு இருந்ததைப் பார்த்து எனக்குப் போன் பண்ணியிருக்காங்க. ஆஸ்பத்திரியில 12.35க்குப் போயிட்டான்."



"நான் வந்துட்டேன்பான்னு கையைப் பிடிச்சேன். 'நீங்க இல்லண்ணா, அவரைத்தான் பார்க்கணும்'னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்."

போனை நீட்டினார். பாலத்தில் எடுத்த படம். சாலையில் கிடந்த ராடு. மேலே இரண்டு புள்ளி.

"என்னுது இல்ல இது," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"என்னுதுதான், மச்சான்."

 அவர் படத்தைப் பெரிதாக்கினார். "ஒடிஞ்ச இடத்துல வெள்ளையா ஏதோ சொருகியிருக்கு பாரு. என்ன அது?"

பார்த்தேன். பிறை மாதிரி ஒரு துண்டு. ஓரத்தில் கறுப்பு ஆயில் அழுக்கு. கட்டைவிரல் நகம்.

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

படத்தின் கீழே நேரம் இருந்தது. காலை 11.52.

இப்போது பிரஸ் என் வசம். மச்சான் வேறு வேலைக்குப் போய்விட்டார். வருகிறவர்கள் இன்னும் "அவர் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் எனக்கு உயிர் வருகிறது.

வியாழக்கிழமைகளில் மட்டும், 1.40க்கு, ஒருவன் என்னைக் கேட்டு வருகிறான். அந்த நகம் இன்னும் வளரவில்லை.