முன்னால் நகராத வண்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதம். எண்ணூர் விரைவுச் சாலையில், திருவொற்றியூரைத் தாண்டி, துறைமுக கேட்டைப் பார்த்து எங்கள் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றிருந்தன. கண்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஒரு வண்டி நீளம் நகரும், பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தூங்கவும் முடியாது. கொஞ்சம் அசந்தால் பக்கத்து வண்டிக்காரன் இடைவெளியில் மூக்கை நுழைத்துவிடுவான், அதோடு நம் முறை போச்சு.

எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் இந்த மனுஷனுக்குக் கோபம் வந்துவிடும் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று காலையிலேயே ஒரு சண்டையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் என் நண்பனின் வண்டி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நெல்லூர்க்காரன் ஒருவன் தன் டிரெய்லரை நுழைக்கப் பார்த்தான். நான் விடவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் அச்சில் வராது. கடைசியில் அவன் எனக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். கண்ணாடியில் அவன் முகம் தெரியும்போதெல்லாம் எனக்கு இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாமே என்று இருந்தது.

என் நண்பன் என்னைப் போல இல்லை, நிதானமான ஆள். ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தோம், சேர்ந்து போய்த்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்தோம். சில மாதம் முன்பு, சைக்கிளில் வந்த ஒரு சின்னப் பெண் தடுமாறி அவன் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாள். அவன் சட்டென்று பிரேக் போட்டதில் அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஆனால் இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. டீ குடிக்கும்போதும் அதையே பேசுவான். நான்தான், ஒண்ணும் ஆகலையே, விடுடா என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

பிறகு தெரிந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் போய் வந்த யாரோ, தேனில் ஊறப்போட்ட போதைக் காளானைச் சின்ன பாட்டிலில் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மனசு லேசாகும், தூக்கம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டில் ஏதோ கோளாறு, சாயங்காலம் வரை வரிசை நகராது என்று அன்று காலை ஒரு பேச்சு அடிபட்டது. எங்கள் பிழைப்பில் இந்த மாதிரிப் பேச்சை நம்பி ஒருவன் குளிக்கப் போவான், ஒருவன் சமைப்பான், ஒருவன் தூங்குவான். இவன் அதை நம்பி அந்த பாட்டிலைத் திறந்திருக்கிறான்.

உச்சி வெயிலுக்கு முன்பே வரிசை நகர்ந்துவிட்டது.

முன்னால் போன வண்டிகளுக்கும் நண்பனின் வண்டிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. அவன் நகரவே இல்லை. பின்னால் இருந்து ஹாரன் ஆரம்பித்தது. முதலில் அழுத்தியது நான்தான். கையை எடுக்காமல் அழுத்தினேன். அப்புறம் நெல்லூர்க்காரன், அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் என்று அந்தச் சாலையே அலறியது. முறை போய்விடுமே என்கிற ஆத்திரத்தில் குதித்து ஓடினேன், போய் அவனை நன்றாகத் திட்டுவதற்காக.

கேபின் கதவைத் திறந்தபோது அவன் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி கியரில் இருந்தது. கிளட்ச் மேல் இருந்த கால் கிடுகிடுவென்று ஆடியது. கண்ணாடிக்கு நேர் முன்னால், சில அடி தூரத்தில், மோர் விற்கிற அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு டிரைவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கால் வழுக்கியிருந்தால் வண்டி அவர் மேல்தான் ஏறியிருக்கும். அவன் மேலேயே விழுந்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், இன்ஜினை அணைத்தேன், சாவியைப் பிடுங்கினேன்.

"நான் ஏத்திட்டன் மாமு" என்றான். "கொயந்த கீய கீது."

குழந்தை வண்டிக்குக் கீழே கிடக்கிறதாம். அவன் குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். மனசு சரியில்லை என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் குடி ஒன்றுதானே. தலையில் தண்ணீர் ஊற்றினேன். மோர் அக்காவிடம் எலுமிச்சம்பழம் வாங்கி வாயில் பிழிந்தேன். தெளியட்டும் என்று கன்னத்தில் ரெண்டு அறையும் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவன் பயம் ஏறியதே தவிர இறங்கவில்லை. நானே அவனுக்கு யாரோ கொல்ல வந்தவனாகத் தெரிந்திருக்க வேண்டும். என்னைத் தள்ளிவிட்டுக் கீழே குதித்து, கடலோரம் கொட்டியிருக்கிற பாறாங்கற்களைப் பார்த்து ஓடினான். அதில் கால் தவறினால் மண்டை மிஞ்சாது. நான்கைந்து டிரைவர்கள் சேர்ந்து பிடித்து உட்கார வைத்தோம். ஒருவர் தார்ப்பாய்க் கயிற்றை எடுத்து வந்து கட்டிப்போடலாம் என்றார். நானும் சரி என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நெல்லூர்க்காரர் வந்தார். காலைச் சண்டைக்கு இப்போது பழி தீர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் நண்பனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெலுங்கு கலந்த தமிழில், அவன் பயந்து போயிருக்கிறான், கட்டினால் இன்னும் பயப்படுவான், எல்லோரும் தள்ளிப் போங்கள் என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"சாவி குடு. ரெண்டு வண்டி சாவியும்."

என் வண்டி எனக்குச் சோறு போடுகிற வண்டி. காலையில் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய ஆளின் கையில் அதைக் கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் பின்னால் ஹாரன் நிற்கவில்லை, ஒவ்வொரு சத்தத்துக்கும் என் நண்பன் காதைப் பொத்திக்கொண்டு உடம்பைக் குறுக்கினான். கொடுத்துவிட்டேன். அவர் முதலில் வண்டியைத் தொடவில்லை. வரிசையோடு பின்னால் நடந்து போய், ஒவ்வொரு வண்டி ஜன்னலையும் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றாக ஹாரன் நின்றது. அந்தச் சாலையில் அலைச் சத்தம் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மோர் அக்கா சாலையோரம் இருந்த தன் கீற்றுக் கொட்டகைக்குள் எங்களை உட்கார வைத்து, வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு, எட்டிப் பார்த்தவர்களை எல்லாம் விரட்டினார். என்னதான் குடித்தான் என்று பார்க்கக் கேபினுக்கு ஓடிப்போய், அந்தத் தேன் பாட்டிலைக் கண்டுபிடித்து எடுத்து வந்தேன். தேனில் கிடந்த காளானைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் புதிதாக ஒரு பயம் வந்தது. போலீஸ், லைசென்ஸ், முதலாளி என்று என் மனசு கண்டபடி ஓடியது. தானாகத் தெளிந்துவிடும், விஷயத்தை அமுக்கிவிடலாம் என்று பாட்டிலை லுங்கி மடிப்பில் சொருகினேன். அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா ஒளிக்கிற? வாங்கியாந்தது இன்னா காளான்னு உனுக்குத் தெர்யுமா? வெசமா இருந்தா இன்னா பண்ணுவ? 108க்கு போன் பண்ணு, உள்ளத உள்ளபடி சொல்லு."

போனில் முதலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னேன். அக்கா முறைத்த முறைப்பில் திருத்திச் சொன்னேன். ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கச் சாலையில் வரும், அதுவரை தனியாக விடாதீர்கள், வாயில் எதையும் கொடுக்காதீர்கள் என்றார்கள்.

காத்திருந்த அந்த நேரம் இருக்கிறதே, அதைப் போல ஒரு நேரத்தை நான் கடந்ததில்லை. ஏத்திட்டேனா, ஏத்திட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பைத்தியமாடா உனக்கு என்று முதலில் வாதாடினேன். வாதாட வாதாட அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு எனக்கே அலுத்துப்போய் குரலை இறக்கினேன். நீ யாரையும் ஏத்தவில்லை, அந்தக் காளான் உனக்கு இப்படிக் காட்டுகிறது, அது இறங்கிவிடும், நான் போக மாட்டேன். இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். குரல் இறங்கினபோதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்றான். வரிசை அப்போது அசையாமல் நின்றிருந்தது. நெல்லூர்க்காரரிடம் சைகை காட்டினேன். வண்டி கிளம்பாது என்பதற்கு அவர் வண்டிக்கு முன்னால் நின்று சாவியை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். நண்பனின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடல் பக்கமாக அழைத்துப் போனேன். தினமும் வண்டி எடுக்கும் முன் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்போம். அந்தக் கம்பியை அவன் கையில் கொடுத்தேன். ஒரு டயரைத் தட்டினான். குனிந்து தடவினான். புழுதி மட்டும்தான் கையில் ஒட்டியது. அடுத்ததைத் தட்டினான். கடைசி டயர் வரை போனோம். அவன் அழுகை நிற்கவில்லை, ஆனால் ஓட வேண்டும் என்கிற துடிப்பு நின்றது. நானும் அவன் பின்னால் நின்று அழுதேன், வெட்கமே படவில்லை.

ஆஸ்பத்திரியில் பாட்டிலைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் எங்களைத் திட்டவில்லை. காட்டில் பறித்ததில் விஷக் காளானும் கலந்திருக்கலாம், அதனால் அழைத்து வந்ததுதான் சரி என்றார் டாக்டர். அறை விளக்கைக் குறைத்து, என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். மனசில் ஏற்கனவே இருந்த பயத்தைத்தான் அது ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது, அந்தப் பயத்துக்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். சாயங்காலம் அவன் டீ கேட்டான். அவன் அண்ணனை வரவழைத்து, துணைக்கு வைத்துவிட்டு நான் வண்டியைத் தேடி ஓடினேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஓரமாக மூன்று டிரெய்லரும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. என் நண்பன் வண்டியை நகர்த்திவிட்டு ஓடிவந்து என் வண்டி, பிறகு தன் வண்டி என்று அந்த வெயிலில் நாள் முழுக்க நகர்த்தியிருக்கிறார். எங்கள் நுழைவு பாஸ் இல்லாமல் எங்கள் வண்டியை உள்ளே கொண்டுபோக முடியாது, அவருடையதைக் கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. காலையில் ஒரே ஒரு வண்டி இடத்துக்காக நான் வாய் கிழியத் திட்டிய மனிதர், தன் முறையையே விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, "காலைல திட்டினதுக்குக் கோபம் இன்னும் இருக்கு" என்றார். பிறகுதான் சிரித்தார்.

என் நண்பன் அந்தச் சிறுமி விஷயத்தை ஒரு மருத்துவரிடம் பேசி, மாதக் கணக்கில் வைத்தியம் பார்த்து, இப்போது திரும்பவும் ஓட்டுகிறான். அவன் டீக்கடையில் அதைப் பேச ஆரம்பித்தால் நான் இப்போது பேச்சை மாற்றுவதில்லை. பொறுமை எனக்கு இன்றைக்கும் வரவில்லை. முன்னால் நிற்கிற வண்டி நகரவில்லை என்றால் கை முதலில் ஹாரனுக்குத்தான் போகிறது. ஆனால் அந்தக் கையை எடுத்துவிட்டு, கீழே இறங்கிப் போய், உள்ளே இருக்கிற ஆள் எப்படி இருக்கிறான் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.