நூற்று முப்பத்தேழாவது கோடு

வீரராகவன் அழவில்லை என்பதைத்தான் தெருவில் எல்லோரும் முதலில் கவனித்தார்கள். பெண்டாட்டி பவுனம்மாள் மூன்று நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். இந்த மனுஷன் பந்தல்காரனுக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்று கணக்குச் சொன்னார், ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார், காரியம் முடிந்த மறுநாளே காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். கல்நெஞ்சக்காரன் என்று பவுனம்மாளின் அக்கா வாய்விட்டே சொன்னாள். வீரராகவனுக்கு அதற்கும் கோபம் வரவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாராம், ஒன்றும் இல்லையாம். யாராவது சோறு போட்டால் சாப்பிட்டார், போடாவிட்டால் மறந்துபோனார். பிள்ளை குட்டியும் கிடையாது, ஞாபகப்படுத்த.

அது 2006 ஆகஸ்டு. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருஷம், ஆயுத பூஜையை ஒட்டி நடந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் டூல் ரூம் டர்னர் அவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே லேத். அவர் கடைந்து கொடுத்த உருப்படி அளவு தப்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இதை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த கிரேஸ் சொன்னால் நம்பலாம். அவள் வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து ஒரு பாயிண்ட் கூடினாலும் சிவப்பு பெயிண்ட் தடவித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு பாயிண்ட் என்றால் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. ஒன்பது வருஷத்தில் வீரராகவன் கொடுத்த எதற்கும் அவள் சிவப்பு தடவியதில்லை. கடைசிக் கடைசியாக அளந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். ரூல்படி அது தப்புதான்.

கிரேஸுக்கு முப்பத்தொரு வயது. பொன்னேரி காலேஜில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவள், அதற்கப்புறம் விடவில்லை. ஆரணி போகிற வழியில், பழைய செங்கல் சூளை இருந்த இடத்தில், ஒரு ரைஃபிள் கிளப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தூரத்திலிருக்கும் காகிதத்தைச் சுடுவாள். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், கிளப்புடையது. கிளப் கேட்டின் கீல் உடைந்ததற்கு வீரராகவனைக் கூட்டி வந்ததும் அவள்தான். கீலைச் சரி பண்ண வந்தவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடைசியில் ஆயுத அறைச் சாவியையே கொடுத்துவிட்டார்கள். துடைப்பது, எண்ணெய் போடுவது, எண்ணி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் ஒரு தடவைகூட அவர் சுட்டதில்லை. சுட்டுப் பார் என்று செக்ரட்டரி பலமுறை சொன்னார், இவருக்கு அதில் ஆசை இல்லை.

ட்யூனர் விவகாரம் இப்படித்தான் வந்தது. சுடும்போது துப்பாக்கிக் குழாய் அதிரும். கண்ணுக்குத் தெரியாத அதிர்வு. தோட்டாக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கிளம்புவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். குழாயின் வாய் மேலே போகும்போது ஒன்றும் கீழே வரும்போது ஒன்றும் வெளியேறினால், கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் காகிதத்தில் ஓட்டைகள் மேலும் கீழுமாகத்தான் விழும். அதற்காகக் குழாயின் நுனியில் திருகு மரை போட்டு ட்யூனர் என்று ஒரு எடையை மாட்டுகிறார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் நகர்த்தினால், ஏதோ ஒரு இடத்தில் ஓட்டைகள் எல்லாம் ஒன்றாக விழும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அப்புறம் தொடக்கூடாது. தோட்டாவின் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, மாறினால் மறுபடி தேட வேண்டும்.

வெளிநாட்டுச் சாமான், கிளப்பில் வாங்க வழியில்லை. கிரேஸ் ஒரு படத்தைக் காட்டினாள். வீரராகவன் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, இது மைக்ரோமீட்டரின் கொண்டைதானே என்றார். ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஒன்று கடைந்தார். ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும், சுற்றி ஐம்பது கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு பாயிண்ட். பிடித்து நிறுத்த இரண்டு குட்டி ஸ்க்ரூ. அந்த வருஷம் முழுக்க அதைப் பராமரித்ததும் அவர்தான். ஒவ்வொரு ஞாயிறும் சுட்டு முடித்ததும் குழாய் வாயில் படிந்த ஈயத்தையும் கரியையும் துணியால் எடுப்பார். மாதம் ஒருமுறை ட்யூனரை முழுசாகக் கழற்றி, மரையை மண்ணெண்ணெயில் கழுவி, விரல் நுனியளவு கிரீஸ் தடவி, பழைய கோட்டிலேயே கொண்டு வந்து நிறுத்துவார். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்றுக்கு இதெல்லாம் செய்யாவிட்டால் மரை பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவை ரொம்ப முறுக்கவும் மாட்டார், முறுக்கினால் குழாய் நெரியும். பவுனம்மாள் போனபின் அவர் மனசறிந்து செய்த வேலை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். அதையும் மனசுதான் செய்ததா, கை செய்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கிரேஸின் வீட்டுக்காரர் இம்மானுவேல் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போனவர். மூன்று வருஷமாக மாநிலப் போட்டியில் ஐந்து, நான்கு, இரண்டு என்று மார்க் குறைந்து கிரேஸ் தேசியப் போட்டிக்குப் போகாமல் நின்றிருந்தாள். இந்த வருஷத்தோடு சரி என்று பேச்சு. தேறினால் தொடரலாம், தேறாவிட்டால் துப்பாக்கியை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டும். கிரேஸும் ஒத்துக்கொண்டிருந்தாள். அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தாறு எடுக்க வேண்டும். போட்டி செவ்வாய்க்கிழமை, சென்னையில்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டு வந்து இருவரும் புது லாட் தோட்டாவுக்கு ட்யூனரைத் தேடினார்கள். அவள் ஐந்து சுடுவாள், இவர் தொலைநோக்கியில் பார்த்து நகர்த்துவார். சாயங்காலம் நூற்று முப்பத்தேழாவது கோட்டில், அதாவது இரண்டு முழுச் சுற்றும் முப்பத்தேழு கோடும் தாண்டி, ஐந்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். வீரராகவனுக்கு நோட்டு தேவையில்லை. அவருக்கு அளவு மறந்ததே கிடையாது.

சனிக்கிழமை ஆயுத பூஜை. அந்த டூல் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. பூஜைக்கு முன்னால் எல்லா மெஷினையும் துடைத்து, ஒவ்வொரு டயலையும் ஜீரோவுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. சந்தனம் வைக்கிற மெஷின் பாதி அளவில் நிற்கக்கூடாது என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். வீரராகவன் அன்று லேத், மில்லிங், கிரைண்டர் என்று பதினோரு மெஷினின் டயல்களை ஜீரோ பண்ணினார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நேரே கிளப்புக்குப் போனார். அங்கேயும் பூஜை. ஆறு ரைஃபிளையும் துடைத்தார். ட்யூனரைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் போட்டு, திருப்பி ஏற்றி, ஸ்க்ரூவை அளவாக முறுக்கி, சந்தனப் பொட்டு வைத்துப் பெட்டியில் பூட்டினார். ஞாயிறும் திங்களும் கிளப் மூடியிருந்தது. திங்கள் சாயங்காலம் செக்ரட்டரி பெட்டியை அப்படியே கிரேஸிடம் ஒப்படைத்தார்.

ஐந்நூற்று எழுபத்துமூன்று. செவ்வாய் சாயங்காலம் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது கிரேஸ் சொன்னது இந்த ஒரு எண்ணைத்தான். மூச்சு சரியாக நிற்கவில்லை என்றாள். வீரராகவன் தலையாட்டினார். அவள் போனபின் பெட்டியைத் திறந்து துடைக்க எடுத்தார். ட்யூனரில் ஜீரோ கோடு நேர் மேலே நின்றது, மரையும் கடைசி வரை ஏறியிருந்தது. பொட்டின் காய்ந்த தூள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பன்னிரண்டாவதாக இதையும் கை ஜீரோ பண்ணிவிட்டது. அப்போது மனசு எங்கே போயிருந்தது என்று யோசித்தார். எங்கேயும் போகவில்லை. ஒரு வருஷமாகவே அது இல்லை. இப்போதாவது நெஞ்சு பதறும் என்று காத்திருந்தார், பதறவில்லை. துணியை மடித்து வைத்தார், பூட்டினார், பஸ் ஏறினார்.

புதன்கிழமை கிரேஸ் கிளப்புக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. மாதக் கடைசியில் கமிட்டி கூடி அதை ஏற்றுக்கொள்ளும். கம்பெனியில் அவள் வழக்கம்போல அளந்துகொண்டிருந்தாள். தன் கை போய்விட்டது, வயசாகிவிட்டது என்று கேன்டீனில் யாரிடமோ சிரித்தபடி சொன்னதும் இவர் காதில் விழுந்தது. இவர் வாயைத் திறந்தால் அவள் கையில் குற்றம் இல்லை என்று ஆகிவிடும், இம்மானுவேலும் இன்னொரு வருஷம் கொடுக்கலாம். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் திறந்தால், இருபத்திரண்டு வருஷத்துப் பேர் ஒரே நாளில் போய்விடும். இதையெல்லாம் வேறு யாருடைய வழக்கோ என்பதுபோல அவர் நினைத்துப் பார்த்தார். வியாழன், வெள்ளி, சனி என்று நாள்தான் போயிற்று. எந்த உணர்ச்சியும் வந்து அவரைத் தள்ளவில்லை. தள்ளாமலே போவது என்று ஞாயிற்றுக்கிழமை முடிவு பண்ணி, கிளப் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அத்திப்பட்டில் இருந்த கிரேஸின் வீட்டுக்குக் கிளம்பினார்.

சர்ச் முடிந்து இருவரும் அப்போதுதான் வந்திருந்தார்கள். டீ கொடுத்தார்கள். வீரராகவன் டம்ளரைக் கீழே வைக்காமலே, இன்ன நாள் இன்னது செய்தேன் என்று ஒப்புவித்தார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடைசியில் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தப்பு என்னுது இம்மானுவேலு. அவ சரியாத்தான் சுட்டுக்கீறா. இனிமே நான் அத்த தொட மாட்டேன்."

இம்மானுவேல் கிரேஸைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை இருவருமே கவனித்தார்கள்.

"எனக்குத் தெரியும்ணா" என்றாள். "அங்க பொட்டிய தொறந்ததுமே ஜீரோவுல இருக்கறத பாத்துட்டேன்."

"பாத்துட்டா அப்டியே சுட்ட?" என்று கேட்டார் இம்மானுவேல்.

"நோட்டு பையிலதான் இருந்துச்சி. திருப்பறதுக்கு நேரமும் இருந்துச்சி. அண்ணா கை வெச்சா ஒரு காரணம் இருக்கும், நாந்தான் எதையோ தப்பா எழுதிக்கினேன்னு நெனச்சிட்டேன். பாதி மேட்ச் தாண்டித்தான் தப்புன்னு புரிஞ்சிது. அப்ப தொட்டா இன்னும் மோசமாயிடும்."

"வந்து சொல்றதுக்கு இன்னா? மூச்சு நிக்கலன்னு எங்கிட்டயே சொன்னியே."

கிரேஸ் வீரராகவனைப் பார்க்காமல், புருஷனைப் பார்த்தே சொன்னாள்.

"அண்ணி போனதுக்கப்றம் அவருக்கு மிச்சம் இருக்கறது அந்த கை ஒண்ணுதான். அதுவும் தப்பிடிச்சின்னு நான் எப்டி போய் சொல்றது? என் கைதான் தப்புன்னு சொல்லிட்டேன். எனக்கு ஊடு இருக்குது, நீ இருக்கற."

வீரராகவன் டம்ளரை வைக்க இடம் தேடினார். மேஜை எதிரிலேயே இருந்தது, ஆனாலும் அவருக்குக் கிடைக்கவில்லை. பதினாலு மாதமாக மரத்துக் கிடந்த இடத்தில் சுருக்கென்று வலித்தது. வலித்த பிறகு நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, பவுனு, பவுனு என்று அந்த அந்நிய வீட்டில் உட்கார்ந்து அவர் அழுதார். இவ்வளவு பேர் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்க, தான் ஒருவனாக நின்றுகொண்டிருப்பதாக நினைத்துவிட்டோமே என்ற வெட்கமும் அந்த அழுகையில் இருந்தது. இம்மானுவேல்தான் எழுந்து வந்து டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினார். கிரேஸ் எழுந்து வரவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து, மேஜைமேல் கிடந்த சாவியை இம்மானுவேல் எடுத்து வீரராகவனின் சட்டைப்பையிலேயே போட்டார். கமிட்டி கூடுவதற்குள் செக்ரட்டரியைப் பார்த்துக் கடிதத்தைத் திருப்பி வாங்க வேண்டும், நாளைக்கு மூன்று பேருமே போகலாம் என்றார். பிறகு கிரேஸிடம், வீரராகவனுக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொன்னார்.